நிற்கலாமா, வேண்டாமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அடுத்த நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கச் சொல்லித் தெருக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள். "இத்தனை வருஷம் சேர்த்த மரியாதை போய்விடும்" என்கிறார் கணவர். நிற்கலாமா?

பதில்: நில்லுங்கள் டீச்சர். பணியில் இருந்தவரை நடத்தை விதி குறுக்கே நின்றது, இப்போது இல்லை.

ஆனால் கணவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சாக்கடை அடைத்தாலும் குடிநீர் வராவிட்டாலும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வேலையைச் செய்யவைக்கும் நிர்வாகமோ ஆணையாளரிடம். தலைமையாசிரியை சொன்னதும் நடந்துவிடும் பழக்கம் உங்களுக்கு. அங்கே ஒரே விஷயத்துக்குப் பத்துத் தடவை நடக்க வேண்டிவரும். 2023 முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் உண்டு. போக்குவரத்துச் செலவுக்கு ஆகும்.

உங்களைப் போன்றவர் அங்கே தேவைப்படுவது நகர்மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவுக்காக. எந்தத் தெருவுக்குச் சாலை, எவ்வளவு தொகை, யாருக்கு டெண்டர் எல்லாம் அதில் இருக்கும். பல ஊர்களில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'ஆல் பாஸ்' சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள். வரி வரியாகப் படித்து, எழுந்து நின்று கேள்வி கேட்கும் ஒருவர் இருந்தாலே மன்றத்தின் போக்கு மாறும். இதை நான் மனதார நம்புகிறேன்.

மரியாதைக்கு உண்மையான சோதனை ஜெயித்த பிறகுதான். 2022 தேர்தலில் நகராட்சித் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதே முறை தொடர்ந்தால், இழுபறியான மன்றத்தில் சுயேச்சையின் ஒரு ஓட்டுக்காகப் பணம், பதவி, உறவு என்று எல்லாம் உங்கள் வீடு தேடி வரும். அந்த ஓட்டை எதைப் பார்த்துப் போடுவீர்கள் என்பதைப் பிரசாரத்திலேயே வார்டு மக்களிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தால், தோற்றவர்கள்கூட உங்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், வீட்டில் யாராவது நகராட்சி ஒப்பந்த வேலை எடுத்திருந்தால் வேட்புமனுவுக்கு முன்பே வக்கீலைக் கேட்டுவிடுங்கள். வார்டு இட ஒதுக்கீடும் மாறலாம், அறிவிப்பு வரும்வரை செலவில் இறங்க வேண்டாம். அதுவரை பகுதி சபைக் கூட்டத்துக்கு, அதாவது உங்கள் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, போய் உட்காருங்கள். அங்கே பேச வாக்காளராக இருந்தால் போதும்.