தாழ்ந்த துப்பாக்கிகள்

அன்புள்ள ஐயா,

2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் ரஸல் ஹானரே பற்றிப் படித்தேன். சூறையாடும் கூட்டம் துப்பாக்கிக்குத்தான் அடங்கும் என்பது அங்கே தெளிவாகவில்லையா? பேரிடர் பணிகளை ராணுவத்திடமே விட்டுவிட்டால் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நானும் ஹானரேயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் அவரை மெச்சும் காரணத்தை அவரே ஏற்கமாட்டார்.

ராணுவத்திடம் விடலாமா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்நகரின் எண்பது விழுக்காட்டை மூழ்கடித்தது, வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து புகுந்த நீர். அவற்றை வடிவமைத்துக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. ஹானரேயும் சர்வாதிகாரியாக வரவில்லை. மாநில அரசுகளின் கீழ் இயங்கும் படையான தேசியக் காவல் படை கடைசிவரை அந்நகரம் இருக்கும் லூசியானா மாநிலத்தின் ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவின் கட்டளையில்தான் இருந்தது.

துப்பாக்கிக்கு வருகிறேன். நகரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் ஆயிரக்கணக்கானோர் உணவும் நீருமின்றிக் காத்திருக்க, அங்கே கொலையும் வன்புணர்வும் நடப்பதாகத் தொலைக்காட்சிகள் வதந்தி பரப்பின. அவற்றில் பெரும்பாலானவை பொய். செப்டம்பர் 1 அன்று பிளாங்கோ, தேவையானால் தன் படையினர் சுட்டுக் கொல்வார்கள் என்றே அறிவித்தார். மறுநாள், லூசியானா மண்ணிலேயே பிறந்த கறுப்பினத்தவரான ஹானரே, தெருவில் நின்றுகொண்டு, துப்பாக்கியை நீட்டியபடி வந்த வீரர்களை நோக்கி, அதைக் கீழே தாழ்த்தும்படி திட்டிக் கத்தினார். நீங்கள் பார்க்கத் தவறியது இதைத்தான். நீட்டிய துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு, குழந்தையை இடுப்பில் சுமந்து தண்ணீருக்கு நிற்கும் பெண்ணும் ஒரு குறியாகவே தெரிவாள். அதைத் தாழ்த்தித் தோளில் மாட்டியவனுக்கே அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை மிஞ்சும். கூட்டம் அடங்கியது என்று நீங்கள் வியப்பது இதிலிருந்துதான் தொடங்கியது, மிரட்டலிலிருந்து அல்ல.

காரில்லாததாலும் முதுமையாலும் நோயாலும் ஊரைவிட்டு வெளியேற முடியாமல் போனவர்களைச் 'சூறையாடும் கூட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, வெட்கமாக இல்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் அக்கறை தெரிவதால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

கலவரக் களம் என்று அஞ்சப்பட்ட மாநாட்டு மையத்துக்குள் தேசியக் காவல் படை நுழைந்தபோது ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நீங்கள் நம்பும் அந்தத் துப்பாக்கி வெடித்தது செப்டம்பர் 4 அன்று, அதே நகரின் டான்சிகர் பாலத்தில்: ஆயுதமில்லாத மக்களைக் காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தனர், நால்வர் காயமுற்றனர். அதை மறைக்கப் பொய் அறிக்கைகள் எழுதப்பட்டன. முன்னாள் காவலர்கள் ஐவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று.