ஐ5-7400 இருக்கும் போர்டில் 8ஆம் தலைமுறை ப்ராசஸரைப் பொருத்தலாமா?

கோத்தகிரியில் ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துவதாகவும், பி250 மதர்போர்டில் இன்டெல்லின் 7ஆம் தலைமுறை ப்ராசஸரான ஐ5-7400 இருப்பதாகவும், கோயம்புத்தூரில் மலிவாகக் கிடைக்கும் பழைய 8ஆம் தலைமுறை ஐ5-8400ஐ வாங்கி அதில் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்காக மலையிறங்காதீர்கள்.

இரண்டுக்கும் சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பெயர் எல்ஜிஏ1151தான். ஆனால் 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது, மின்சாரம் செல்லும் பின்களின் ஒதுக்கீட்டை இன்டெல் மாற்றிவிட்டது. சிப்செட், அதாவது போர்டின் கட்டுப்பாட்டுச் சிப், 300 வரிசையாக உள்ள போர்டுகளில்தான் அந்தத் தலைமுறை இயங்கும்; உங்கள் பி250 அந்த வரிசையில் இல்லை. உள்ளே மாற்றிவிட்டு வெளியே அதே பெயரை விட்டுவைத்தது வாங்குபவருக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக்குள் மட்டும் செல்லுபடியாகும் வரிசை. முதலில் பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்: 7400இல் 7, 12100இல் 12. அதுதான் தலைமுறை. 2017இல் வந்த ஐ7-7700க்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் 4 கோர் (கணக்கிடும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை இழைகள்)தான். வேகத்தில் ஐ3 முந்துகிறது. கடைசி எழுத்தையும் விடாதீர்கள். 'யு' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் மடிக்கணினி ரகம். ஐ7-7500யுவில் இருப்பதே 2 கோர்தான். 'எஃப்' என்றால் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் படம் வராது.

உங்கள் போர்டு ஐ7-7700ஐ ஏற்கும். இருந்தாலும் அதில் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்ற ப்ராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் 7700 இல்லை. ஹெத்தையம்மன் பண்டிகை, கல்யாணம் என்று படங்கள் குவியும் கணினிக்கு ஐ3-12100ஐயும் எச்610 போர்டு ஒன்றையும் சேர்த்து வாங்குவதே நல்லது. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

எச்610இல் டிடிஆர்4 ராம் (தற்காலிக நினைவகம்) ஏற்கும் போர்டும் உண்டு, டிடிஆர்5 ராம் ஏற்கும் போர்டும் உண்டு. உங்களிடம் இருப்பது டிடிஆர்4 ராம் என்றால் அந்த ரகப் போர்டைக் கேளுங்கள், ராம் செலவு மிச்சம். புறப்படுமுன் ராமில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு மாற்ற மறுபடி மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்வர, அதுவும் மே மாத நெரிசலில், ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.