பதில் எழுதாமல் விட்ட அழைப்பு

கேள்வி: என் கணவர் அட்லாண்டிக் கடலில் பிரிட்டன் ஆட்சியில் உள்ள செயின்ட் ஹெலினா தீவு மருத்துவமனையில் டாக்டர். சென்ற ஜூனில் மன்னர் பிறந்தநாள் விருந்துக்கு ஆளுநர் மாளிகையிலிருந்து அட்டை வந்தது. மது இருக்கும், ஆங்கிலமும் சரளமாக வராது என்று பயந்து நாங்கள் போகவில்லை, பதிலும் எழுதவில்லை. அதிலிருந்து மாளிகை ஆட்களைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறேன். வெளிநாட்டு டாக்டர் குடும்பங்களைத் தவிர அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இப்போது விடுமுறையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அடுத்த மாதம் திரும்ப வேண்டும். இன்னோர் அழைப்பு வந்திருக்கிறதாம். என்ன செய்வது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் போகாதது பெரிய விஷயமே இல்லை. பதில் எழுதாததுதான் உறுத்துகிறது. நம் பக்கத்தில் பத்திரிகை வைக்க வீடு தேடி வருவார்கள். வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கிக்கொண்டால் முடிந்தது. வருவோமா மாட்டோமா என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பந்தியில் ஐம்பது இலை கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். அந்த அட்டையின் மூலையிலோ ஆர்.எஸ்.வி.பி. என்று நான்கு எழுத்து இருந்திருக்கும். 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. வர இயலாது என்றாலும் குறித்த தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பண்டங்கள் கடல் கடந்து வந்து இறங்கும் தீவில், தலையெண்ணித்தான் சமைப்பார்கள். இதை உங்களுக்கு யாரும் முன்பே சொல்லித் தராதது என் மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

சுமார் 4,400 பேர் வாழும் இடத்தில் எத்தனை நாள் ஒதுங்க முடியும்? தீவின் தலைநகரான ஜேம்ஸ்டவுனே ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் அடங்கிய ஊர். அதனால் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'சென்ற ஜூனில் அழைத்தபோது பதில் அனுப்பத் தவறிவிட்டோம், மன்னிக்கவும். இம்முறை இருவரும் வருகிறோம்.' உடம்பு சரியில்லாமல் போயிற்று என்று காரணம் சேர்க்க வேண்டாம். டாக்டர் வீட்டில் யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

விருந்துக்குப் புடவையிலேயே போங்கள், அது மரியாதையான உடைதான். மது வேண்டாம் என்றால் பழச்சாறு கேளுங்கள். மன்னருக்காகக் கோப்பை உயர்த்தும்போது எழுந்து நின்று தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினாலும் போதும். பேச்சு வரவில்லையென்றால் ஜோனதனைப் பற்றிக் கேளுங்கள். ஏறத்தாழ 1832இல் பிறந்ததாகக் கருதப்படும் அந்த ஆமை 1882இலிருந்து அந்தத் தீவில் வாழ்கிறது. மாளிகைப் புல்வெளிதான் அதன் வீடு. அந்த மாளிகை கட்டி முடிந்தது 1792இல். உங்கள் காவேரிப்பட்டணம் அடங்கிய நம் பாராமகால் பகுதியைத் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டதும் அதே ஆண்டில். தீவும் அப்போது கம்பெனியின் கையில்தான் இருந்தது. இதைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேச்சு ஓடும். மறுநாள் நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரி. டாக்டர் குடும்பங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்களோடு மட்டும் பழகினால் வருடா வருடம் வழியனுப்பு விருந்துதான் மிஞ்சும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்களை 'செயின்ட்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். எதிரே வரும் ஒவ்வொரு காருக்கும் கை அசைக்கும் வழக்கம் உள்ளவர்கள். நீங்களும் கை அசையுங்கள். அவர்கள் ஒரே பாத்திரத்தில் அரிசியும் மசாலாவும் சேர்த்துச் சமைக்கும் உணவுக்குப் பெயர் 'ப்ளோ'. நம் புலாவின் உறவுதான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அதைக் கற்றுத் தரச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் புளிசாதம் செய்து அவர்களைக் கூப்பிடுங்கள். அதற்கு அட்டை வேண்டாம். நம் ஊர் வழக்கப்படி வாசலில் போய் நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.