சிங்கப்பூர் டு நியூயார்க்: எவ்வளவு தூரம், அம்மாவை நேர் ஃப்ளைட்ல தனியா அனுப்பலாமா?

தாராளமா அனுப்பலாம், அதுவும் நேர் ஃப்ளைட்லயே அனுப்புங்க. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டரைல இருந்து 19 மணி நேரம் வரைக்கும் ஆகும். நிக்காம போற பயணிகள் விமானத்துல இப்போதைக்கு இதுதான் உலகத்துலயே நீளமான ரூட்டு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதுக்குன்னே ஏ350-900 யூஎல்ஆர்னு ரொம்ப தூரம் பறக்கிற விமானம் வச்சிருக்காங்க.

ஏன் இவ்வளவு தூரம்னா, சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104, நியூயார்க் மேற்குல 74, கூட்டினா 178. அதாவது ஏறக்குறைய உருண்டைக்கு அந்தப் பக்கம். அதனால குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டிப் போகுது, கிழக்கால சுத்தினாலும் மேற்கால சுத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது, அதனால எந்தப் பக்கம் போறதுங்கிறத காத்துதான் முடிவு பண்ணுது. மேல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து மேற்குல இருந்து கிழக்கால அடிக்கும், போகும்போது ஜப்பான் பக்கமா ஏறி பசிபிக்கைத் தாண்டுவாங்க, திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியா வந்துடுவாங்க, ரெண்டு தடவையும் காத்து முதுகுல. லண்டன் - நியூயார்க் மாதிரி போக ஒரு நேரம் வர ஒரு நேரம்னு இங்க பெருசா வித்தியாசம் இருக்காது.

டிக்கெட் விலை பாத்து மலைச்சிருப்பீங்க. இந்த விமானத்துல எகானமியே கிடையாது, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்வளவுதான், அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்கணும்ல. ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு போற ஃப்ளைட்ல எகானமி இருக்கு, ஆனா மொத்தமா ஒரு நாள் ஆயிடும், நடுவுல எல்லாரையும் இறக்கி மறுபடி செக்யூரிட்டி வேற. தமிழ் மட்டும் தெரிஞ்ச வயசானவங்களுக்கு உட்கார்ந்து போறது கஷ்டமில்ல, அந்த இறங்கி ஏறுறதுதான் கஷ்டம். எங்க அத்தையை அனுப்பும்போது இதுக்காகவே கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்லன்னு நேர் ஃப்ளைட் போட்டோம்.

நடைபாதை ஓர சீட்டு எடுங்க, வீல்சேர் புக்கிங்கும்போதே சொல்லிடுங்க. அத்தைக்கு இறங்குறப்ப கால் வீங்கி செருப்பு வார் ஏறவே இல்ல, அதனால லூசான செருப்பு போட்டு விடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க. சுகர், பிரஷர் மாத்திரை இருந்தா நேரத்தை எப்படி மாத்துறதுன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி கைப்பையில வைங்க.

தேதியிலதான் நெறைய பேர் குழம்புறாங்க. நியூயார்க் கோடைல சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல 13. நடு ராத்திரி தாண்டி சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல ஏறினா அங்க அதே தேதி விடியக்காலைல இறங்கிடுவாங்க. ஆனா திரும்பி வரும்போது வெள்ளி ராத்திரி அங்க ஏறினா இங்க ஞாயிறு காலைலதான் வருவாங்க, சனிக்கிழமை ஏர்போர்ட் போய் நிக்காதீங்க.