விலை குறைந்த இயர்போன்: நன்றாகப் பாடுமா, நாள்பட உழைக்குமா?

கேள்வி: காதுக்குள் செருகும் வகையில் விலை குறைந்த வயர் இயர்போன் ஒன்று வாங்கவிருக்கிறேன். ஒலி நன்றாக இருக்கிறதா, சீக்கிரம் கெடாமல் உழைக்குமா என்று எப்படிப் பார்ப்பது? பெட்டியில் போட்டிருக்கும் எண்களை நம்பலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பெட்டியில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை, ஆனால் தேர்ந்தெடுக்க உதவாது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். நல்ல காது கேட்கக்கூடிய எல்லை அது, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் சத்தம் ஓங்குகிறது, எங்கே அமுங்குகிறது, எத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வு என்று சொல்லாதவரை அந்த வரியைப் படித்தும் பயனில்லை. டிரைவர், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர், 10 மி.மீ. என்பதும் அப்படித்தான். பெரிய டிரைவர் என்றால் நல்ல டிரைவர் என்று பொருளில்லை. சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு, இன்னும் வேடிக்கை. 16 ஓம் மின்தடையுள்ள இயர்போன் ஒன்றை ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றும் எழுதலாம், ஒரு வோல்ட்டுக்கு 118 டெசிபல் என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே பொருள்தான். எது பெரிய எண்ணோ அது பெட்டியின் மேல் ஏறும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார்கள், காதுக்குள் செருகுபவையும் அதில் உண்டு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. ஆகவே விலை குறைவு என்பதற்காக ஒலியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. என் அனுபவத்தில் இந்த வகை இயர்போன்கள் பாட்டுக் கெட்டுச் சாவதில்லை, வயர் அறுந்துதான் சாகின்றன. எனவே ஒலியில் கொஞ்சம் தாராளமாகவும் கட்டுமானத்தில் கறாராகவும் இருங்கள்.

சரி, ஒலி.

சில வருடங்களுக்கு முன் ஓர் இயர்போனை வாங்கிய அன்றே வெறுத்து மேசை டிராயரில் போட்டேன். பேஸ் என்ற கீழ்ச்சுருதி கொஞ்சமும் இல்லை, எல்லாம் தகரத்தில் தட்டியது போலக் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. ஒருநாள் வேறொரு இயர்போனின் நுனியில், காதுக்குள் போகும் பெரிய ரப்பரை எடுத்து இதில் மாட்டிப் பார்த்தேன். அதே பாட்டு, அதே போன். கீழ்ச்சுருதிகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. நான் வெறுத்தது அந்த இயர்போனை இல்லை, என் காதுக்கும் ரப்பருக்கும் நடுவே இருந்த ஓர் இடைவெளியை.

டிரைவருக்குள் அதிரும் சின்னச் சவ்வு (டயாஃப்ரம்) தள்ளும் காற்று, காதுக்குழாய் என்ற மூடிய சின்ன அறைக்குள் அடைபட்டால்தான் பேஸ் உண்டாகும். மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் முதலில் ஒழுகிப் போவது கீழ் அதிர்வெண்கள்தான். அதனால் எந்த இயர்போனையும் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்: பேஸ் கிட்டார் தொடர்ந்து ஓடும் ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கத்தையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடி, விட்டதும் குறைந்தால் ரப்பர் சேரவில்லை. அடுத்த அளவுக்கு மாறுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரியது. செருகும்போது மற்றொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைந்த குழாய் கொஞ்சம் நேராகும், ரப்பர் ஒழுங்காகப் போய் உட்காரும். எந்த அளவும் சேராதவர்களுக்கு நுரை முனைகள் இருக்கின்றன. அவை விரிந்து அடைத்துக்கொள்ளும், கூடவே ட்ரெபிள் எனும் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் மழுக்கும், சில மாதங்களில் தேய்ந்தும் போகும்.

அடைப்புச் சரியானதும் நான் முதலில் கேட்பது பாட்டை இல்லை, பேச்சை. இசைக்கருவி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். செய்தி வாசிப்பு, நேர்காணல், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ஒருவரின் உரை, எதுவானாலும் சரி. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அந்த ஆள் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறாரா? காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். இயல்பிலேயே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தை அது ஓங்கச் செய்யும். இயர்போனால் அதன் வாயை அடைத்ததும் அந்த ஏற்றம் கலைந்துவிடும். அதை ஈடுகட்ட இயர்போனே அந்த இடத்தில் கொஞ்சம் ஏற்றித் தர வேண்டும். ஏற்றாவிட்டால் குரல் மங்கிக் கேட்கும், அளவுக்கு மீறி ஏற்றினால் அரை மணி நேரத்தில் தலைவலி. இரண்டாவது, ச, ஸ, ஷ. "சாஸ்திரம்", "ஸ்வரம்" போன்ற சொற்கள் வரும்போதெல்லாம் ஊசி குத்துவது போல இருந்தால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம். விலை குறைந்தவற்றில் இது அடிக்கடி வரும் குறை. முதல் ஐந்து நிமிடம் அதையே "ஆகா, என்ன தெளிவு!" என்று நினைத்து ஏமாறுவோம். நானும் ஏமாந்திருக்கிறேன்.

பேஸுக்கு ஒரே சோதனை போதும். பேஸ் கிட்டாரில் வாசிப்பவர் சுரம் மாற்றும்போது அந்த மாற்றம் தனியாகக் கேட்கிறதா, இல்லை எல்லாம் ஒரே "தும் தும்" என்று வருகிறதா? பேஸ் எவ்வளவு இருக்கிறது என்பது ரசனை. அது குரலின் மேல் ஏறி உட்காரக் கூடாது.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. சத்தம் கொஞ்சம் அதிகமாக வருவது எதுவோ அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவர் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிய விஷயத்தோடு சேர்ந்தது இது: சத்தம் குறையக் குறைய, கீழ்ச்சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவும். ஒரே வால்யூமில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்பது நியாயமான போட்டியே இல்லை. பேச்சுக் குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்படி வால்யூமைத் திருத்திவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். முடிவு தலைகீழாக மாறிய அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது இடது, வலது. மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, பதிவான ஒரு குரலைப் போடுங்கள். அது தலைக்கு நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு முனைகளையும் காது மாற்றிச் செருகிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை இயர்போனில். சாய்வு அதே பக்கம் நின்றால் குறை உங்கள் காதில், அல்லது அந்தக் காதின் ரப்பரில். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கத்தின் பிளஸ், மைனஸ் இணைப்புகள் மாறியிருக்கின்றன. கழற்றி மாட்டும் வயரில் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிச் செருகினால் இது நடக்கும். பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கடைசியாக 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் சோதனை ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். நடுவில் எங்காவது "ர்ர்ர்" என்று அதிர்ந்தால் டயாஃப்ரத்தில் தூசியோ முடியோ ஒட்டியிருக்கும். அதைத் திருப்பி அனுப்பலாம்.

இனி உழைப்பு. செத்துப்போன இயர்போன்களைப் பிளேடால் கிழித்துப் பார்ப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். உள்ளே இருப்பது தலைமுடியைவிடப் பெரிதாகத் தடிமன் இல்லாத செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றின் மேலும் வண்ண எனாமல், நடுவில் பலத்துக்குச் சில நூலிழைகள். டிரைவர்கள் அநேகமாக நலமாகவே இருக்கும். அறுந்திருப்பது இரண்டே இடம்: போனில் செருகும் பின்னிலிருந்து வயர் வெளியே வரும் கழுத்து, இயர்போன் கூட்டுக்குள் வயர் நுழையும் வாய். ஒயரை ஒரு கோணத்தில் மடக்கிப் பிடித்தால்தான் ஒரு பக்கம் பாடும் என்ற நிலை நம் எல்லோருக்கும் வந்திருக்குமே, அது முதல் இடம்.

ஆகவே கையில் எடுத்ததும் அந்தக் கழுத்தைத்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை மெல்ல வளைத்தால் ஒரே புள்ளியில் மடியாமல் வில்லைப் போல வளைய வேண்டும். விறைப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் அது அலங்காரம். வயர் மடிகிற இடத்தை அந்த உறையின் விளிம்புக்கு நகர்த்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. போனைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு எல் வடிவப் பின் நல்லது. நேரான பின் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் போனின் துளையையும் நெம்பும்.

கூட்டில் வயர் நுழையும் இடத்தில் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வயரில் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள், இழுத்தால் அந்த இழுவை, வயரை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றுக்கு (சால்டருக்கு)ப் போகாமல் முடிச்சில் நிற்பதற்காக. வெளியிலிருந்து அது தெரியாது. வயரை மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரியும்: ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்து வரக் கூடாது. அப்புறம் கூட்டின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் பசையை நம்பித்தான் அது நிற்கிறது. உலோகக் கூடு என்று மயங்க வேண்டாம். கனம் கூடும், காதிலிருந்து நழுவும், உள்ளே இருக்கும் முடிச்சு அதேதான். ஒலி வரும் குழலின் நுனியில் ரப்பரைப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் இயர்போன் வெளியே வரும், ரப்பர் காதுக்குள்ளேயே தங்கும்.

வாய்ப்பிருந்தால் வயரைக் கழற்றி மாட்டும் வகையையே வாங்குங்கள். மேலே சொன்ன இரண்டு சாவுக்கும் அதுதான் மருந்து, வயர் போனால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வயரை மாட்டும் முனையில் 0.78 மி.மீ. இரட்டை ஊசி, எம்எம்சிஎக்ஸ் எனும் அழுத்தி மாட்டும் வட்ட முனை என்று இரண்டு வகை பரவலாக உண்டு. முதலாவதை அவசரமாகச் செருகினால் ஊசி வளையும். இரண்டாவது சுழன்று சுழன்று நாளாவட்டத்தில் தொளதொளக்கும். எனக்குப் பிடித்தது முதலாவது. துணி சுற்றிய வயர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் வரும். காதின் மேல் சுற்றி மாட்டினால் அது குறையும். எந்த வயரானாலும் போனைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள்.

செருகும்போது காதுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள் கசங்குவது போல "க்ரிச்" என்று கேட்டால், உள்ளே அடைபட்ட காற்று டயாஃப்ரத்தை வளைக்கிறது. கூட்டில் இருக்கும் நுண்துளை போதவில்லை என்று பொருள். உடனே கெட்டுவிடாது, இருந்தாலும் எனக்கு அது கிட்டத்தட்ட நிராகரிப்புக்குச் சமம்.

100 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திருந்தும் என்பார்கள். பெரும்பாலும் திருந்துவது நம் மூளைதான். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. சில மாதம் கழித்து ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். நான் அப்படி ஒன்றைத் தூக்கிப்போடப் போய், கடைசி நிமிடத்தில் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். குழலின் வாயில் இருந்த வலையில் பாதி காதழுக்கால் அடைத்திருந்தது. வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டியதும் பழைய சத்தம் திரும்பியது. தண்ணீர், எண்ணெய் எதுவும் விடக் கூடாது.

உண்மையாகவே செத்துப்போனால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் ரப்பர்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு சின்ன டப்பா நிறைய இருக்கிறது, புதிதாக எது வாங்கினாலும் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான்.