சோடியம், பொட்டாசியம் பாடத்தை எப்படிப் படிப்பது?
நர்சிங் படிப்பில் நீர், எலக்ட்ரோலைட் (ரத்தத்தில் கரைந்திருக்கும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) சமநிலை மட்டும் மண்டையில் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தின் அறிகுறி அட்டவணையை முதலில் மூடி வையுங்கள். சோடியம் என்றால் நீரும் மூளையும், பொட்டாசியம் என்றால் இதயமும் தசையும். இந்தப் பிடி கிடைத்தால் பாதி அறிகுறிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135–145 மில்லிஈக்விவலன்ட். அது 120க்கு இறங்கினால் உப்பு குறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பல நேரம் நீர்தான் கூடியிருக்கும். நீர்த்துப்போன ரத்தத்திலிருந்து நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. தலைவலி, குழப்பம், வலிப்பு எல்லாம் அதன் விளைவு. சில நோயாளிகளுக்கு உப்பைக் கூட்டாமல் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதும் அதனால்தான்.

பொட்டாசியத்தின் இயல்பு அளவு அதே அலகில் 3.5–5.0, அவ்வளவுதான். கூடினால் ஈசிஜியில் (இதய மின் வரைபடம்) டி அலை என்னும் மேடு கூர்மையாக எழும். அப்புறம், தேர்வுக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று: அடர் பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் ஐவியில் (ரத்தக்குழாய் வழியே) நேரடியாகச் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடலாம்.