இரண்டு வகுப்பு, இரண்டு வயர்லெஸ் எச்டிஎம்ஐ: ஒன்றையொன்று குழப்புமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ரியூட்டரி நடத்துகிறோம். நீள மண்டபம் ஒன்றைப் பிளைவுட் தட்டியால் இரண்டாகப் பிரித்திருக்கிறோம். லாப்டொப்பில் இருந்து புரொஜெக்டருக்குப் படம் அனுப்ப 60 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் செட் இரண்டு வாங்க எண்ணம். "பீம்ஃபோர்மிங் இருக்கு, ஒன்றையொன்று குழப்பாது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: பாதிதான் சரி. 60 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீற்றர் மட்டுமே. அதனால் சிறு பலகையில் பல அன்ரெனாக்களை அடுக்கி, அலையை டோர்ச் வெளிச்சம்போல ஒரு பக்கம் குவிக்க முடிகிறது; பீம்ஃபோர்மிங் என்பது இதைத்தான். ஆனால் அந்தக் கற்றை ரிசீவரோடு நின்றுவிடாது, பின்னாலும் போகும். செங்கல் சுவர் என்றால் அங்கேயே அடங்கிவிடும். மெல்லிய பிளைவுட்டுக்கு அந்தப் பலம் இல்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மேசைகளின் திசை. இரண்டு வகுப்பும் ஒரே பக்கம் பார்த்திருந்தால், ஒன்றின் கற்றை தட்டியைத் தாண்டி மற்றதன் ரிசீவருக்கு நேரே போய் விழும், படம் உறையும். ஆசிரியர் மேசை இரண்டையும் தட்டியோடு முதுகுக்கு முதுகாகப் போடுங்கள். ட்ரான்ஸ்மிட்டர்கள் எதிரெதிர்த் திசையில் அனுப்பும். ரிசீவரைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில், 8 அடி உயரத்தில் மாட்டுங்கள். மனித உடம்பே இந்த அலையை மறித்துவிடும் என்பதால், ட்ரான்ஸ்மிட்டர் மேசையின் மாணவர் பக்க விளிம்பில் இருக்கட்டும். ஆசிரியர் மறித்தால் செட் தெறிப்பு வழி தேடும்; இரும்பு அலுமாரியிலோ ஸ்டீல் வைற்போர்ட்டிலோ பட்டுத் தெறிப்பது பக்கத்து வகுப்புக்குள் போய்விடலாம்.

வாங்கும்போது, சனலைக் கையால் தெரிவு செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். வைகிக் என்ற 60 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் தரத்தில் ஒரு சனலின் அகலம் 2.16 கிகாஹேர்ட்ஸ், ஒரு செட்டை 60.48இலும் மற்றதை 62.64இலும் வைத்தால் பெரும்பகுதித் தொல்லை தீரும். தானாகவே சனல் எடுக்கும் செட் என்றால் திசை ஒன்றுதான் காவல். பெட்டியில் 5 கிகாஹேர்ட்ஸ் என்றிருந்தால் அது வேறு சாமான்: சுவரைத் தாண்டும், சுற்றியுள்ள வைஃபையோடும் மோதும்.

கடையிலேயே இரண்டு செட்டையும் ஒன்றாக ஓடவிட்டு, ஒரு செட்டின் ட்ரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் 10 செக்கன் நின்று பாருங்கள். விலகியதும் படம் உடனே திரும்ப வேண்டும். மொடல் இலக்கத்தையும் மாற்றித் தரும் காலத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிட அந்த பில் வேண்டும்.

மேசையும் புரொஜெக்டரும் இடம் மாறாது என்றால், 10 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிளைக் கேசிங்கில் ஓட்டுவதையே நாங்கள் சொல்வோம்.